கத்தரிப்பூ வளையம்

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு சர்க்கரையைக் கண்டால் பதறுகிற ஒரே ஆள் வைரவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வெளியே போனால் சந்தோஷம். இவருக்கோ தண்ணீரில் கடுகளவு இனிப்பு தட்டினால் போதும், போனை எடுத்து ஊரைக் கூட்டிவிடுவார். அவர் வேலை அப்படி.

ஷார்ஜா தொழில்பேட்டையின் கடைசியில், பழைய டயர் கிடங்குகளைத் தாண்டிப் போனால் அந்த ஆலை. பீட் சர்க்கரை ஆலை. பீட் என்றதும் பொரியல் பண்ணுகிற சிவப்புக் கிழங்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வெள்ளைக் கிழங்கு, குளிர் தேசத்துச் சரக்கு. அங்கேயே பிழிந்து, கெட்டிப் பாகாக்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். இங்கே அதைக் காய்ச்சிச் சர்க்கரையாக்குகிறார்கள். பத்தொன்பது வருஷமாக அங்கேயே கிடக்கிற வைரவன் ஒரு பீட் கிழங்கைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சிவகங்கைப் பக்கத்து ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி, "அது எப்படித்தாங்க இருக்கும்?" என்று கேட்டபோது, "முள்ளங்கிக்கு அண்ணன் மாதிரி இருக்குமாம்" என்று கேள்விஞானத்தில் சொல்லிவைத்தார்.

பாகைக் காய்ச்ச நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும். அந்த ஊரில் தண்ணீர் என்றால் கடலிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது. சும்மா சாக்கடையில் விட யாருக்கு மனசு வரும்? அதனால் பாகைச் சூடாக்கிய நீராவி குளிர்ந்து தண்ணீரானதும், அதைப் பிடித்து மறுபடி பாய்லருக்கே அனுப்புவார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் பாகுக்கும் நீராவிக்கும் நடுவே இருப்பது மெல்லிய குழாய்ச் சுவர். அதில் ஊசித்துளை விழுந்தால் தொலைந்தது. பாகு கசிந்து தண்ணீரோடு பாய்லருக்குள் போய், கருகிப் புளித்து, இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். பாய்லர் சோற்றுப்பானை மாதிரிப் பொங்கும். குழாய் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் வெந்துபோவான்.

அப்படிப் பக்கத்தில் நிற்கிறவர் முகம்மது ரிபாய். கீழக்கரைக்காரர், பாய்லர் ஆபரேட்டர், வைரவனைவிட மூன்று வயசு மூத்தவர். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் ஒரே ரூம், ஒரே சமையல். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்ளே என்பார். சொந்தமா என்று கேட்டால் இரண்டு பேருமே ஆமாம் என்பார்கள், எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

மணிக்கு ஒருதரம் வைரவன் அந்தத் திரும்பி வரும் தண்ணீரைப் பிடித்து வருவார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, நாப்தால் மருந்து இரண்டு சொட்டு விட்டு, குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகக் கந்தக அமிலத்தை வழியவிடுவார். அமிலம் கனம், அடியில் போய் உட்காரும். தண்ணீர் மேலே நிற்கும். இரண்டும் தொடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அங்கே ஒரு வளையம் பூக்கும், அசல் கத்தரிப்பூ நிறத்தில். இல்லையென்றால் ஒன்றும் இருக்காது. கேட்க லேசாக இருக்கும். புதுசாய் வருகிறவர்கள் குழாயைத் துண்டால் துடைத்துவிட்டு, வளையத்தைக் கண்டு அலறுவார்கள். பருத்தி நூல் ஒன்று ஒட்டினாலும் வளையம் வரும் சாமி! அதையெல்லாம் பழக்கத்தில்தான் படிக்க முடியும்.

பார்த்து முடித்ததும் பாய்லர் ரூமுக்குப் போன்.

"மச்சான், சுத்தம்."

"அல்ஹம்துலில்லாஹ்."

இவ்வளவுதான் பேச்சு. வளையம் வந்தால் மட்டும், "மச்சான், வளையம்!" ஏன், எவ்வளவு என்று ரிபாய் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வால்வைத் திருப்பி அத்தனை தண்ணீரையும் சாக்கடைக்கு விட்டுவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் பதினோரு தடவை அப்படி நடந்தது. பதினோரு தடவையும் வைரவன் சொன்னது சரி. பார்த்த தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து, மணியை எழுதி ஒட்டி, ஷிப்ட் முடியும்வரை அலமாரியில் அடுக்கிவைப்பது அவராக வைத்துக்கொண்ட பழக்கம். கம்பெனி விதியில் இல்லை. "வைரவன் சேட்டா தண்ணிக்கு மியூசியம் வச்சிருக்கு" என்று லேப் கெமிஸ்ட் நிதின், அந்த மலையாளத்துப் பிள்ளை, கேலி பண்ணுவான். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் கண் மங்க ஆரம்பித்தது.

முதலில் தெருவிளக்கைச் சுற்றி ஒளி படர்ந்தது. தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரோலா கடைவீதிக்குப் போய் நாகவள்ளிக்குச் சேலை எடுத்தார். அடக்கமான சாம்பல் நிறம், அவளுக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. ஊருக்குப் போகிற ஆள்வசம் கொடுத்தனுப்பினார். வீடியோ காலில் பிரித்துக் காட்டிய நாகவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, இந்த வயசுல எனக்குக் கத்தரிப்பூ கலரா? காலேஜ் புள்ள கட்டுற மாதிரியில்ல இருக்கு!"

இவரும் சிரித்துவைத்தார். போனை வைத்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். உலகத்தில் எந்த நிறம் போயிருந்தாலும் சமாளித்திருப்பார். பச்சை போகட்டும், சிவப்பு போகட்டும். போனது அவர் கஞ்சி குடிக்கிற நிறம்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தோன்றாமல் என்ன! அவர் அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் கண் போனது. யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. கடைசிப் பத்து வருஷம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். வைரவனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. டாக்டரிடம் போனால்தானே தெரியும், போகாதவரைக்கும் ஒன்றுமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கண் தெரியாத தண்ணீர் டெஸ்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? விசா கேன்சல், மறுநாளே பிளைட். மகள் உமாராணிக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் ஓட்டிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

அதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிதினைக் கூப்பிடுவார்.

"சார், புது ஆசிட் வந்திருக்கு. கலங்கலா இருக்கா, பாருங்க."

நிதின் எட்டிப் பார்த்து, "இல்லல்லோ, நல்ல தெளிவு" என்பான். வளையம் இருந்தால் அவனே கத்திவிடுவான் என்பது இவருக்குத் தெரியும். ஒரு நாள் ஆசிட், ஒரு நாள் குழாயில் கீறல், ஒரு நாள் விளக்கு வெளிச்சம். ஆறு மாதம் அடுத்தவன் கண்ணை இரவல் வாங்கியே பிழைப்பு நடந்தது. இவ்வளவு நேர்மையான மனுஷனுக்கு இவ்வளவு கள்ளத்தனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்தான். பயம் வந்தால் எல்லாம் தானாக வரும்போல.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சர்க்கரை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆலையைச் சோதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். நிதின் காலையிலிருந்து அவர்களோடு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துவிட்டான். ஆறு, ஏழு, எட்டு மணித் தண்ணீரைப் பார்த்து, சர்க்கரை இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதினார் வைரவன். ஒன்பது மணிக் குழாயைப் பிடித்தபோது கை கொஞ்சம் நின்றது. அமிலம் தொடுகிற இடத்தில் ஏதோ புகை மாதிரி இருந்தது. இருந்ததா? ஜன்னல் பக்கம் திருப்பினார். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தார். ஒரு நேரம் இருக்கிற மாதிரியும், மறு நேரம் இல்லாத மாதிரியும் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் எல்லாமே புகையாகத் தெரிந்தது.

சந்தேகம் வந்தால் வளையம் என்று சொல். அது அந்த லேபின் முதல் சட்டம். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதே வைரவன்தான். ஆனால் அன்றைக்கு வளையம் என்று சொன்னால் தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போகும். வந்திருக்கிறவர்களோடு மேனேஜர் இறங்கி வருவார். எல்லோரும் குழாயைப் பார்ப்பார்கள். வளையம் இல்லையென்றால், நீ எதைப் பார்த்துச் சொன்னாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

போனை எடுத்தார்.

"மச்சான்... சுத்தம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரிபாய்.

பத்து மணிக்கும் அதே. பதினோரு மணிக்கும் அதே. ஒருதரம் சொன்ன பொய்க்கு அடுத்தடுத்துக் காவல் நிற்க வேண்டியதாகிவிட்டது.

பதினொன்றரைக்கு பாய்லர் ரூமில் கருகின சர்க்கரை வாசனை வந்தது. நீராவிக் குழாய்கள் சம்மட்டியால் அடித்த மாதிரி இடித்தன. ரிபாய் ஓடிப்போய் நெருப்பை அணைத்து, பாய்லரை நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்குள் ஒரு மூட்டு வாய் பிளந்து கொதிநீர் தெறித்தது. முழங்கைக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. இரண்டடி முன்னால் நின்றிருந்தால் முகம் போயிருக்கும்.

பன்னிரண்டரைக்கு லேபில் விசாரணை நடந்தது. மேனேஜர் எகிப்துக்காரர், கோபக்காரர் என்றாலும் அநியாயக்காரர் இல்லை. தண்ணீர்ப் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்துப் பார்த்தார். நில், நில், நில். ஆறு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் நில்.

"டெஸ்டில் சர்க்கரை இல்லை. பாய்லரில் சர்க்கரை இருக்கிறது. அப்படியானால் வேறு வழியாக வந்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேறு வழி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மூன்றாம் நம்பர் காய்ச்சும் பாத்திரம் ரிப்பேரில் கிடந்தது. அதன் சர்க்கரை கலந்த அழுக்குத் தண்ணீர் பாய்லருக்குள் போய்விடாமல் தடுக்கத் தனி வால்வு. அந்த வால்வு பாய்லர் ரூமில், ரிபாய் கைக்கு எட்டும் இடத்தில். "நீதானே திறந்தாய்?"

கையில் கட்டோடு நின்றிருந்த ரிபாய், "மேரா காம் நஹீ ஹை சாப், நான் தொடவே இல்லை" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் மன்றாடினார். நிதின் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். மேனேஜர் புத்தகத்தைத் திருப்பி ரிபாய்க்குக் காட்டினார். பத்தொன்பது வருஷமாகத் தப்பே எழுதாத புத்தகம்.

ரிபாய் அதைப் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது.

"வைரவன் நில்லுன்னு எழுதினா நில்லுதான். அவன் பொய் எழுதமாட்டான்." நிதினைப் பார்த்துத் தொடர்ந்தார். "காலையில எட்டரைக்கு அந்தப் பக்கம் கூட்டினேன். கை பட்டுத் திறந்துருச்சோ என்னவோ தம்பி. எனக்கு ஞாபகமில்ல. நானாத்தான் இருக்கும்."

வைரவனுக்கு அப்போது பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். உன் புத்தகம்தான் தப்பு என்று கத்தியிருந்தால் எதிர்த்துக்கூடப் பேசியிருப்பார். இந்த மனுஷன் தன் கையைவிட வைரவன் கண்ணை நம்புகிறானே, இவனை என்ன செய்வது?

அலமாரியில் ஆறு பாட்டில்கள் வரிசையாக நின்றன. கடைசி மூன்றில் 9, 10, 11 என்று அவர் கையெழுத்து. யாருக்கும் அந்த ஞாபகமே இல்லை. வைரவன் பார்த்துவிட்ட தண்ணீரை இன்னொருதரம் யார் பார்ப்பார்கள்? இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வருவான், வழக்கப்படி எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிக் கழுவுவான். அதோடு சாட்சி முடிந்தது. வாயைத் திறக்காமல் ஒன்றரை மணி நேரம் நின்றால் போதும்.

அவர் நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தார். அலமாரிக்குப் போனார், ஒன்பது மணிப் பாட்டிலை எடுத்தார், தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. தானே கொட்டிவிட்டால் இரண்டு மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம். உமாராணியின் முகம் வந்தது. சுவரைத் தடவி நடந்த அப்பா வந்தார். பிறகு ரிபாயின் கைக்கட்டிலிருந்து மருந்து வாசனை வந்தது.

"சார்" என்றார் வைரவன். பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "இந்தத் தண்ணியை எல்லாருக்கும் முன்னால ஒருதரம் பார்க்கணும்."

மேனேஜருக்குப் புரியவில்லை. நிதினுக்கும் புரியவில்லை. வைரவன் புதுக் கண்ணாடிக் குழாய் நான்கு எடுத்தார். துண்டு படாமல் சுத்தத் தண்ணீரில் மூன்றுதரம் அலசினார். முதல் குழாயில் சுத்தத் தண்ணீர், மற்றதில் ஒன்பது, பத்து, பதினொன்று. மருந்து இரண்டு சொட்டு. அமிலம் ஓரமாக. அந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்வார். ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

நான்கையும் தாங்கியில் நிறுத்திவிட்டு நகர்ந்து நின்றார்.

"எதுல வளையம் இருக்கு, சொல்லுங்க."

மேனேஜர் குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்து இரண்டாவதைத் தொட்டார், மூன்றாவதைத் தொட்டார், நான்காவதில் பேனா அப்படியே நின்றது.

"சேட்டா," நிதினின் குரல் உடைந்தது, "இது கட்டிக் கலர். மூணுலயும் இருக்கு. பதினொண்ணுல இன்னும் கூடுதல். சேட்டா இதைப் பார்க்கலயா?"

வைரவன் குழாய்களைப் பார்த்தார். உண்மையிலேயே ஒருதரம் முயன்று பார்த்தார்.

"எனக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியுது, சார்."

அவரே தொடர்ந்து சொன்னார். "ஒன்பது மணிக்குச் சந்தேகம் வந்துச்சு. வந்தும் சுத்தம்னு சொன்னேன். கண்ணு ஆறு மாசமா சரியில்ல. மச்சான் எந்த வால்வையும் தொடல. தப்பு பூரா என்னுது." நிதின் மேனேஜருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டுதரம் நிறுத்தி மூக்கை உறிஞ்சினான்.

ரிபாய் வந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியெல்லாம் நடக்கவில்லை. வைரவனுக்கு நேராக வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஆறு மாசமா?"

"மச்சான்..."

"ஒரே ரூம்ல படுத்துக்கிட்டு, ஒரே சட்டியில தின்னுக்கிட்டு, ஆறு மாசமா? மணிக்கு ஒருவாட்டி போன் பண்ணிச் சுத்தம் சுத்தம்னியே, நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேனேடா! பாய்லருக்குப் பக்கத்துல நிக்கிறது நானு. என் உசுர உன் கண்ணுலதானே வச்சிருந்தேன். அந்தக் கண்ணு போச்சுன்னு எனக்குச் சொல்லணுமா வேண்டாமா?"

 

மேனேஜர் சாயங்காலம் கூப்பிட்டு ஒரு கையில் வார்னிங் லெட்டரையும் மறு கையில் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டையும் கொடுத்தார். கண் சரியானால் வேலை, இல்லையென்றால் டிக்கெட் என்றார். மூன்றாம் நாள் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். முற்றின புரை, மஞ்சளாகப் படிந்து ஊதாவை மறைக்கிறது, ஒவ்வொரு கண்ணாக எடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. அரை மணி நேரம்! இதற்காகவா ஆறு மாதம் திருடன் மாதிரி வாழ்ந்தோம் என்று வைரவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியபோது அழுகை இன்னும் கூடிற்று.

ஆபரேஷனுக்கு அடுத்த ஞாயிறு நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் ரிபாய் பேசவில்லை. சமைத்தார், வைரவன் பங்கைத் தட்டில் போட்டு மூடிவைத்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மூடிவைத்த தட்டைத் திறந்து தின்றுவிட்டு, வைரவன் இரண்டு பேர் தட்டையும் கழுவிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கேம்ப் வாசலில் கம்பெனி வேன் நின்றது. வைரவன் தனியாக ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போகும்போது கட்டுப் போட்ட கை ஒன்று குறுக்கே நீண்டது. ரிபாய் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார். ரோலா வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வந்தது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, வைரவனுக்கு எல்லாம் வெள்ளையாக அடித்தது.

"உங்களுக்கு டூட்டி இல்லையா மச்சான்?"

"லீவு."

"எனக்காகவா?"

"உனக்காக எவன் வருவான்? என் பாய்லருக்காக வந்தேன்" என்றார் ரிபாய். சொல்லிவிட்டு முன்னால் போனவர், நின்று, திரும்பி வந்து, நல்ல கையை நீட்டினார்.

"மூணு படி இருக்கு. புடிச்சுக்க."